கண்டதைச் சொல்லுதல்: விமானிகள் கண்ட வானக் காட்சிகளும் அவை விசாரிக்கப்பட்ட விதமும்

(நூற்றாண்டு விழாவின் மாலை அமர்வில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத்துறையிலிருந்து ஓர் உரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவோம் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி நாங்கள் ஒவ்வொரு நாளும் கிளினிக்கில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்டிருப்பது வேறு விடயம். பயணிகள் விமானத்தை ஓட்டும் விமானி ஒருவர், வானத்தில் இன்னதென்று தெரியாத ஒன்றைக் கண்டதாக அறிவித்தால், அதை அதிகாரிகள் எப்படி விசாரிக்கிறார்கள் என்பதே அது.

“பறக்கும் தட்டுக் கதையோ?” என்று பின்வரிசையில் ஒரு சிரிப்புக் கேட்கிறது. அந்தச் சிரிப்பும் இன்றைய பேச்சின் ஒரு பகுதிதான்.

“எங்கள்” என்று நாங்கள் சொல்வது தொண்ணூறுகளில் இங்கே உயிரியல் பிரிவில் படித்து வைத்தியர்களான வகுப்புத் தோழியர் எல்லோரையும் சேர்த்து. இந்த உரையின் குறிப்புகளும் எல்லோருமாகப் பேசித் தயாரித்தவையே.

முதலில் கொப்பியிலிருந்து தொடங்குவோம். உயர்தர இரசாயனவியல் செய்முறைக் கொப்பியில் மூன்று நிரல்கள் கீறச் சொல்வார்கள்: பரிசோதனை, அவதானம், அனுமானம். இரண்டாம் நிரலில் “வெண்ணிற வீழ்படிவு தோன்றியது” என்று எழுதலாம். “வெள்ளிக் குளோரைட்டு உண்டானது” என்று அங்கே எழுதினால் ரீச்சர் சிவப்புப் பேனாவால் வெட்டிவிடுவார். அது மூன்றாம் நிரலுக்கு உரியது. கண்டது வேறு, கண்டதை வைத்து நினைப்பது வேறு. இந்த ஒரு கோட்டைக் கீறத் தெரிந்தால் விமானிகளின் கதை பாதி விளங்கிவிடும்.

1947 ஜூன் 24ஆம் திகதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கெனத் ஆர்னல்ட் என்பவர் தமது சிறு விமானத்தில் பறந்துகொண்டிருந்தார். ரெய்னியர் மலைப் பக்கமாக ஒன்பது பொருட்கள் மிக வேகமாகச் செல்வதைக் கண்டார். தண்ணீரின் மேல் எறிந்த தட்டு தத்தித் தத்திப் போவதுபோல அவை அசைந்தன என்று தாம் சொன்னதாக அவர் பின்னர் விளக்கினார். அவர் சொன்னது அசைவைப் பற்றி. பத்திரிகைகளோ அதை உருவமாக்கி, “பறக்கும் தட்டு” என்று எழுதிவிட்டன. அவதானம் ஒரே இரவில் அனுமானமாகியது. பத்து நாட்களின் பின், ஜூலை 4ஆம் திகதி, இடாஹோ மாநிலத்தின் மேலே ஒரு பயணிகள் விமானத்தின் விமானிகளும் ஒன்பது பொருட்களைக் கண்டதாக அறிவித்தார்கள். அறிவித்தவர்கள் தொழில்முறை விமானிகள் என்றபடியால் விடயம் பாரதூரமாக எடுக்கப்பட்டது.

அதன்பின் அமெரிக்க விமானப்படை, பொதுமக்கள், விமானிகள் எல்லோருடைய அறிக்கைகளையும் சேர்த்து 1969 வரை விசாரித்தது. கடைசியில் அந்தத் திட்டத்துக்கு இருந்த பெயர் ‘புளூ புக்’. மொத்தம் 12,618 அறிக்கைகள். நட்சத்திரம், கிரகம், பலூன், வேறு விமானம் என்று அநேகமானவற்றுக்கு விளக்கம் கிடைத்தது. 701 அறிக்கைகள் “அடையாளம் காணப்படாதவை” என்று மூடப்பட்டன. நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. இந்த 701ஐ வைத்துக்கொண்டு “வேற்றுக்கிரகவாசிகள் வந்துவிட்டார்கள்” என்பாரும் உண்டு, “எல்லாம் கட்டுக்கதை” என்பாரும் உண்டு. இரு தரப்பினரும் மூன்றாம் நிரலை முதலில் எழுதிவிட்டு இரண்டாம் நிரலைத் தேடுகிறவர்கள்.

இனி நல்ல விசாரணை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 1995 ஜனவரி 6ஆம் திகதி மாலை, இத்தாலியின் மிலான் நகரிலிருந்து வந்த போயிங் 737 விமானமொன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. உயரம் ஏறக்குறைய 4,000 அடி. திடீரென்று வலது பக்கமாக ஏதோ ஒன்று எதிர்த் திசையில் மிக வேகமாகக் கடந்து போனது. துணை விமானி தம்மையறியாமலே தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் இரண்டு விநாடிக்குள் முடிந்துவிட்டது. கட்டுப்பாட்டு நிலையத்திடம் கேட்டார்கள். ராடரில் எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

அறிவிப்பதா விடுவதா என்று இருவரும் யோசித்தார்கள். பிறகு அறிவித்தார்கள். கண்டதைத் தனித்தனியாகப் படமாகக் கீறியும் கொடுத்தார்கள். ஆப்பு வடிவம் என்பதில் இரண்டு படங்களும் ஒத்துப்போயின. வெளிச்சம் பற்றிய விபரத்தில் ஒத்துப்போகவில்லை. அதில் வெளிச்சங்கள் இருந்தன என்றார் ஒருவர். தங்கள் விமானத்தின் இறங்கு விளக்கு பட்டுத்தான் அது தெரிந்திருக்கலாம் என்று மற்றவர் நினைத்தார். விசாரணையாளர் இந்த வேறுபாட்டை மறைக்கவில்லை. சாட்சிகள் முரண்படுகிறார்கள் என்று சொல்லித் தள்ளிவிடவும் இல்லை. இரண்டையும் அப்படியே பதிந்தார்கள்.

விசாரித்தது வானில் விமானங்கள் ஒன்றுக்கொன்று ஆபத்தாக நெருங்கிய சம்பவங்களை ஆராயும் குழு. படைத்துறையினரும் சிவில் விமானத்துறையினரும் அதில் இருந்தார்கள். ராடர் பதிவுகள் பார்க்கப்பட்டன. படைத்துறை விமானம் ஏதும் அங்கே பறந்ததா, மாலை இருட்டில் யாராவது கிளைடரிலோ சிறு விமானத்திலோ போயிருக்கலாமா என்றெல்லாம் ஆராயப்பட்டது. ஒன்றும் பொருந்தவில்லை. ஏறக்குறைய ஒரு வருடத்தின் பின் வந்த முடிவு: காரணம் தீர்க்கப்படவில்லை, ஆபத்தின் அளவைக் கணிக்க முடியவில்லை. வழமைக்கு மாறான காட்சிகள் அநேகமாக இயற்கையானவையே என்றும் அறிக்கை சொன்னது. வேற்றுக்கிரகம் பற்றிய ஊகம் தங்கள் வேலை அல்ல என்றும் சொன்னது. அத்தோடு நிற்கவில்லை. அறிவித்த விமானிகளின் துணிவைப் பாராட்டியது. அறிவிக்க இடம்கொடுத்த அவர்களது நிறுவனத்தின் மனப்பான்மையையும் பாராட்டியது.

ஓர் அரச அறிக்கையில் “துணிவு” என்ற சொல் ஏன் வரவேண்டியிருந்தது? 1986 நவம்பர் 17ஆம் திகதி நடந்த சம்பவம் அதற்குப் பதில் சொல்லும். ஜப்பானிய சரக்கு விமானம் ஒன்று, போயிங் 747, ஐஸ்லாந்திலிருந்து அலாஸ்காவின் அங்கரேஜ் நோக்கி வந்துகொண்டிருந்தது. விமானத்தில் மூவர். தலைமை விமானி கென்ஜு தெராவுச்சி. முன்னால் வெளிச்சங்கள் தெரிவதாகவும், பின்னர் தமது விமானத்தைவிடப் பல மடங்கு பெரிய ஒன்று கூடவே வருவதாகவும் அவர் அறிவித்தார். அரை மணித்தியாலத்துக்கும் மேலாக இது நீடித்தது. வெளிச்சங்களைக் கண்டதாக மற்ற இருவரும் சொன்னார்கள். ஆனால் அந்தப் பெரிய உருவத்தை அவர் சொன்ன தெளிவோடு அவர்கள் சொல்லவில்லை. ராடரில் ஏதோ தெரிந்ததாக அன்று பேசப்பட்டது. அருகில் வந்த இன்னொரு பயணிகள் விமானத்திடம் பார்க்கச் சொன்னார்கள். அதன் விமானிகளுக்குச் சரக்கு விமானம் மட்டுமே தெரிந்தது.

அமெரிக்க சிவில் விமானப் போக்குவரத்து நிர்வாகம் மூவரையும் விசாரித்து, குரல் பதிவுகளையும் ராடர் தரவுகளையும் ஆராய்ந்து, 1987 மார்ச் மாதத்தில் முடிவை வெளியிட்டது. ராடரில் தெரிந்தது இரண்டாவது பொருளல்ல, அந்த விமானத்தின் சமிக்ஞையே இரண்டாகப் பிரிந்து தெரிந்தது என்பது அவர்களது விளக்கம். விமானிகள் கண்டதை உறுதிப்படுத்த முடியவில்லை என்றும் சொன்னார்கள். வியாழனும் செவ்வாயுமே அந்த வெளிச்சங்கள் என்று வெளியிலிருந்து வாதிட்டவர்களும் உண்டு. அதற்குள் பத்திரிகைகள் உலகம் முழுவதும் கதையைப் பரப்பிவிட்டன. பின்னர் அந்த விமானி சிலகாலம் பறப்பிலிருந்து எடுக்கப்பட்டு அலுவலக வேலைக்கு மாற்றப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அவர் கண்டது எதுவாகவும் இருக்கட்டும். அந்தச் செய்தியை வாசித்த மற்ற விமானிகள் என்ன பாடம் படித்திருப்பார்கள்? இனி எதைக் கண்டாலும் வாயை மூடிக்கொண்டிருப்போம் என்பதைத்தானே!

கண் ஏமாறும் என்பதும் உண்மை. அதை வைத்தியர்களாகிய நாங்கள் மறைக்கக்கூடாது. இருட்டில் தனியே தெரியும் ஒரு வெளிச்சத்தை உற்றுப் பார்த்தால் சற்று நேரத்தில் அது அசைவதுபோலத் தோன்றும். சுற்றிவர ஒப்பிடுவதற்கு வேறொன்றும் இல்லாதபோது, கண்ணின் சிறு அசைவுகளை மூளை வெளிச்சத்தின் அசைவாக எடுத்துக்கொள்கிறது. 2022க்குப் பிறகு, விடியும் முன்னர் அடிவானத்தில் வெளிச்சங்கள் தோன்றி மறைவதாக விமானிகள் பலர் அறிவித்தார்கள். அவற்றில் பல, ஸ்டார்லிங்க் செய்மதிகளில் சூரிய ஒளி பட்டுத் தெறிப்பவை என்று கண்டுபிடிக்கப்பட்டது.

2011 ஜனவரியில் நடந்தது இன்னும் முக்கியமானது. ரொறன்ரோவிலிருந்து சூரிச் போகும் இரவு விமானம், அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேல். துணை விமானி சிறு தூக்கம் போட்டார். அனுமதிக்கப்பட்டது 40 நிமிடம். அவர் தூங்கியதோ 75 நிமிடம். எழும்பியதும் எதிரே ஒரு விமானம் வருவதாகச் சொன்னார்கள். அவர் முதலில் விமானமென்று எடுத்துக்கொண்டது வெள்ளிக் கிரகத்தை. பிறகு, ஆயிரம் அடி கீழே பாதுகாப்பாகக் கடந்துகொண்டிருந்த உண்மையான விமானத்தைக் கண்டபோது, அது நேரே தங்கள்மீது வருகிறதென்று நினைத்து விமானத்தின் மூக்கைக் கீழே அமுக்கிவிட்டார். தலைமை விமானி உடனே மேலே இழுத்தார். இருக்கைப் பட்டி அணியாதிருந்த 14 பயணிகளும் 2 பணியாளர்களும் காயமடைந்தார்கள்.

இந்தச் சம்பவத்தை ஒரு பகிடியாகச் சொல்லி முடித்திருக்கலாம். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அப்படிச் செய்யவில்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும்பியவுடன் மூளை சிறிது நேரம் தெளிவில்லாமல் இருக்கும் என்பதை விளக்கி, ஓய்வு விதிகள் ஏன் சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று கேட்டது. இரவுக் கடமையில் அழைப்பு வந்து எழும்பி, ஒரு மருந்தின் அளவைக் கணக்கிட வேண்டிய எந்த வைத்தியருக்கும் தாதிக்கும் இது நன்றாக விளங்கும். “நீ ஏன் பிழைவிட்டாய்?” என்ற கேள்வி ஒருவரோடு முடிந்துவிடும். “இந்தப் பிழை எப்படி நடக்க முடிந்தது?” என்ற கேள்வி அடுத்த விமானத்தையும் காப்பாற்றும்.

பிரான்ஸ் நாட்டு முறை எங்களுக்கு மிகவும் பிடித்தது. அங்கே தேசிய விண்வெளி ஆய்வு மையத்துக்குள்ளேயே 1977இல் இதற்கென ஒரு பிரிவு அமைக்கப்பட்டது. இன்றும் இயங்குகிறது. அறிக்கைகளை நான்காக வகுக்கிறார்கள். முதலாவது, காரணம் தெரிந்தது. இரண்டாவது, அநேகமாகத் தெரிந்தது. மூன்றாவது, தகவல் போதாதபடியால் முடிவு சொல்ல முடியாதது. நான்காவது, தகவல் போதுமானதாக இருந்தும் விளக்க முடியாதது. கடைசி வகுப்பில் விழுவது நூற்றுக்குச் சில மட்டுமே. கோப்புகளைப் பொதுமக்கள் பார்க்கவும் 2007இல் திறந்துவிட்டார்கள்.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். “தெரியாது” என்பதில் இரண்டு வகை உண்டு. தேவையானதைக் கேட்காமல் விட்டதால் தெரியாதது ஒன்று. எல்லாம் கேட்டும் பார்த்தும் தெரியாதது மற்றது. வாட்டில் ஒரு நோயாளரின் காய்ச்சலுக்குக் காரணம் தெரியவில்லை என்றால், அது எந்தத் “தெரியாது” என்பதைத்தான் நாங்கள் முதலில் கேட்க வேண்டும். எங்கள் நாட்டிலேயே வடமத்திய மாகாண விவசாயிகளிடையே தொண்ணூறுகளிலிருந்து காணப்படும் சிறுநீரக நோய்க்கு, “காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்” என்றே உத்தியோகபூர்வமாகப் பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயரில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கேள்வி இன்னும் மூடப்படவில்லை என்பதை அது ஒவ்வொரு நாளும் ஞாபகப்படுத்துகிறது.

சரி, சொன்னால் தண்டனையோ கேலியோ வரும் என்று பயப்படுபவரை எப்படிச் சொல்லவைப்பது? 1974 டிசம்பர் 1ஆம் திகதி வாஷிங்டன் நகருக்கு அருகே பயணிகள் விமானம் ஒன்று மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். இறங்குவதற்கான அனுமதியைத் தவறாக விளங்கிக்கொண்டதே காரணம். அதற்குச் சில வாரங்களின் முன் வேறொரு நிறுவனத்தின் விமானமும் அதே இடத்தில் அதே விதமாக மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தச் செய்தி அந்த நிறுவனத்தின் விமானிகளுக்கு மட்டுமே சொல்லப்பட்டது. மற்றவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த விபத்தின் பின், 1976இல், விமானப் பாதுகாப்பு அறிவித்தல் முறை ஒன்று தொடங்கப்பட்டது. அதை நடத்துவது தண்டிக்கும் அதிகாரமுள்ள நிர்வாகம் அல்ல, நாசா. விமானி எழுதி அனுப்புவார். படிவத்தில் அவரது பெயருள்ள துண்டு கிழிக்கப்பட்டு அவருக்கே திருப்பி அனுப்பப்படும். விடயம் மட்டும் ஆய்வுக்குப் போகும். இன்றுவரை பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் சேர்ந்திருக்கின்றன. 2023 செப்டெம்பரில் நாசா அமைத்த சுயாதீனக் குழு, அடையாளம் தெரியாத வானக் காட்சிகள் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. அவை வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவை என்று கொள்ள ஆதாரம் இல்லை என்றது. அதேவேளை, கேலிக்குப் பயந்து பலர் அறிவிக்காமல் விடுவதால் தரவு குறைகிறது என்றும், பயணிகள் விமானிகள் இந்தக் காட்சிகளை அறிவிக்க அதே அறிவித்தல் முறையைப் பயன்படுத்தலாம் என்றும் சொன்னது.

இதே வழியில் எங்கள் நாடு பெற்ற பலனையும் சொல்ல வேண்டும். இலங்கையில் பிரசவத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு தாயின் மரணமும் ஆராயப்படுகிறது. பெயர் சொல்வதில்லை, பழி சுமத்துவதில்லை என்பதே அந்த ஆய்வின் அடிப்படை. இன்று ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு ஏறக்குறைய 30 தாய்மார் என்ற நிலைக்கு வந்திருக்கிறோம் என்றால், அதில் நேர்மையாகச் சொல்லவும் கேட்கவும் பழகியவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

அக்காமாரே, தங்கைமாரே, இவ்வளவும் ஏன் இந்த மண்டபத்தில்?

எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு வானம் நன்கு பழக்கமானது. சத்தத்தை வைத்தே இது சகடை, இது பொம்பர், இது ஹெலி என்று சொல்லிவிடுவோம். இரவில் பரா லைட் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துத் தூரம் மதிப்பிடுவோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். ஆனால் கண்டதை வெளியில் சொல்லாதே என்பதுதான் வீட்டில் எங்களுக்குத் தந்த முதல் புத்திமதி. அதற்குக் காரணம் இருந்தது. அந்தப் புத்திமதி பலரின் உயிரைக் காத்தது. ஆபத்து போன பிறகும் பழக்கம் போகவில்லை என்பதுதான் கவலை.

கிளினிக்கில் இதை ஒவ்வொரு கிழமையும் காண்கிறோம். மாதக்கணக்காக இரத்தப்போக்கு இருந்தும், சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று இருந்துவிட்ட அம்மா. மார்பில் கட்டி தெரிந்தும், மகளின் கலியாணம் முடியட்டும் என்று மறைத்த ஆசிரியை. மாரடைப்பு பெண்களுக்குச் சில வேளைகளில் நெஞ்சு நோவாக வராமல், களைப்பாக, மூச்சு வாங்கலாக, தாடை நோவாக வரும். அவள் அதைச் சொன்னாலும் “காஸ்ரிக்தான், ஒன்றும் இல்லை” என்று வீட்டார் சொல்லிவிடுவார்கள். சில வேளை எங்களைப் போன்ற வெள்ளைக் கோட்டுக்காரரும் சொல்லிவிடுவார்கள். அங்கேயும் மூன்றாம் நிரல் முதலில் எழுதப்பட்டுவிடுகிறது. இரண்டாம் நிரல் வெறுமையாகவே கிடக்கிறது.

மான்செஸ்டர் விமானிகளிடம் “அது என்ன?” என்று யாரும் முதலில் கேட்கவில்லை. எந்தப் பக்கம், எந்த நேரம், எவ்வளவு நேரம், எப்படித் தெரிந்தது, படம் கீற முடியுமா என்று கேட்டார்கள். ஒரு மகளோ, மாணவியோ, தாயோ எங்களிடம் வந்து ஏதோ ஒன்றைச் சொல்லும்போது நாமும் இந்த வரிசையில் கேட்கலாம். எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், வேறென்ன கண்டாய்? என்னவென்பது பிறகு பார்க்கலாம். பள்ளிப் பிள்ளை ஒருத்தி, வழியில் ஒருவர் தன்னைத் தொந்தரவு செய்ததாகச் சொன்னாலும் இதே வரிசைதான். “உனக்குப் பிரமை” என்று தொடங்கினால், அந்தப் பிள்ளை இரண்டாம் முறை எம்மிடம் வரமாட்டாள்.

இங்கே படிக்கும் தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். கண்டதைக் கண்டபடி எழுதுங்கள், சொல்லுங்கள். காரணம் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். ஆசிரியைகளுக்கும் எங்கள் வயதினருக்கும் வேண்டுகோள் இன்னொன்று. சொல்ல வந்தவரை முதலில் சொல்லவிடுவோம். கேட்டதைப் பதிவோம். சிரிப்பதற்கு அவசரப்பட வேண்டாம்.

இந்தக் கல்லூரி தன் இரண்டாவது நூற்றாண்டைத் தொடங்குகிறது. அந்த மூன்று நிரல் கொப்பியை அது கைவிடாதிருக்கட்டும்.